தேய்ந்த முலாம்

"ஈயம் பூசலையா, ஈயம்!" என்ற குரல் தெருவில் கேட்டதும், சமையலறைப் பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாகத் திண்ணைக்கு வந்து சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. தெருவோரத்தில் சிறு குழி தோண்டி, துருத்தியால் கரியை ஊதிக் கனலாக்கி, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டு வைத்துப் பஞ்சினால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார் அந்தத் தொழிலாளி. குப்பென்று புகை கிளம்பும். புகை அடங்குவதற்குள் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளி போல் பளிச்சிடும். சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கு அது ஜாலவித்தையைக் காட்டிலும் பெரிய வித்தை.

வீட்டுப் பெரியவர்கள் அந்தச் செலவை வீண் செலவென்று நினைத்ததில்லை. புளியும் எலுமிச்சையும் பித்தளையைத் தின்னாதபடி ஈயம் நடுவில் நின்று காக்கிறது. காக்கக் காக்கத் தேய்கிறது. தேய்ந்தால் மறுபடியும் பூச வேண்டியதுதான். ஈயம் தேய்ந்தது ஈயத்தின் குற்றமாகுமா? அது தன் கடமையைச் செய்தது என்பதற்கே அந்தத் தேய்வு சாட்சி. தேய்ந்ததைக் கண்டும் காணாதவர்களாய் அதிலேயே ரசம் வைத்தால், குற்றம் நம்முடையதாகும்.

இந்தப் பழைய பாடத்தை இந்த வாரம் நினைவூட்டுவதற்குக் காரணம் பாத்திரமன்று, மோட்டார் வண்டி. நமது நேயர்களில் பலருடைய வீட்டுக் கொட்டகையில், பாட்டனாரோ தகப்பனாரோ ஆசையோடு வாங்கிய அம்பாஸடர் வண்டி ஒன்று துணி போர்த்துக் கொண்டு நிற்கக் கூடும். 1942-ம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்தாபனம், கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தரபாராவில் 1950-களின் இறுதி தொடங்கி 2014-ம் வருஷம் வரையில் செய்து வந்த வண்டி அது. பிறப்பில் அது ஆங்கிலேய நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசைதான். ஆனால் வளர்ந்ததும் உழைத்ததும் நம் சாலைகளில். மந்திரிகளையும் சுமந்தது, மணப்பெண்களையும் சுமந்தது, பிரசவ வேதனையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும் சுமந்தது. சுதேசித் தொழில் தத்தித் தத்தி நடை பழகிய நாட்களின் ஞாபகச் சின்னம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

அப்படிப்பட்ட வண்டிகளுக்கு இப்போது சட்டத்திலும் ஒரு மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. மத்திய அரசாங்கம் 2021-ம் வருஷத்தில் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்தனவும், உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதல் செய்யப்படாதனவுமான சொந்த உபயோக வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்து கொள்ள அது வழி செய்தது. ஆகவே, பழைய உறுப்பைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுவதைக் காட்டிலும், பழைய உறுப்பையே காப்பாற்றி வைப்பது உசிதம் என்ற எண்ணம் பரவி வருகிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் காப்பாற்றுவது எப்படி என்பதில்தான் பலர் வழி தவறி விடுகிறார்கள். நாமும் ஒருமுறை தவறினோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில், இரும்பைக் காக்கும் பூச்சுகள் இரு ஜாதியாக இருப்பதை அறிய வேண்டும்.

ஒரு ஜாதி, தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பது. துத்தநாகம் அப்படிப்பட்டது. துத்தநாகமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டு ஈரத்தில் இருந்தால், துத்தநாகமே முதலில் கரையும். அது இருக்கும் வரையில் பக்கத்திலுள்ள இரும்புக்குத் துரு எளிதில் ஏறாது. நடுவில் ஒரு கீறல் விழுந்தாலும் பாதகமில்லை; கீறலின் இரு கரையிலும் உள்ள துத்தநாகம் அந்த இடத்தையும் சேர்த்துக் காக்கும். 1824-ம் வருஷத்தில் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில ரசாயன சாஸ்திரி, கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகட்டைத் துத்தநாகத்தையும் இரும்பையும் கொண்டு காக்கலாம் என்று நிரூபித்தார். 1837-ம் வருஷத்தில் ஸோரெல் என்ற பிரெஞ்சுக்காரர், இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு உரிமைச் சாஸனம் பெற்றார். நம் வீட்டுக் கிணற்று வாளியும் கூரைத் தகடும் அந்த மரபில் வந்தவையே. மோட்டார் வண்டியின் போல்ட், நட், கிளிப், பிடிப்புத் தகடு ஆகியவற்றுக்கு மின்சாரத்தால் துத்தநாக முலாம் ஏற்றுகிறார்கள். அதன் கனம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான் வரையில்தான் இருக்கும். மயிரிழையின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், இது எவ்வளவு மெல்லியது என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது ஜாதி, மதில் போல் நின்று காப்பது. பம்பரிலும் முகப்புச் சட்டத்திலும் பளபளக்கும் குரோமிய முலாம் இந்த வகை. குரோமியம் என்று நாம் சொல்வது உண்மையில் மேற்பரப்பில் அரை மைக்ரானுக்கும் குறைவாக உள்ள ஒரு சவ்வுதான். அதற்குக் கீழே 20, 30 மைக்ரான் கனத்தில் நிக்கல் இருக்கிறது. நல்ல வேலையானால் அதற்கும் கீழே செம்பு இருக்கும். துருவைத் தடுப்பது பெரும்பாலும் நிக்கல். குரோமியம் அதன் பளபளப்பு மங்காமல் பார்த்துக் கொள்கிறது. ஆனால் நிக்கலிடம் துத்தநாகத்தின் தியாகம் கிடையாது. மதிலில் ஊசித்துவாரம் விழுந்து விட்டால், நிக்கல் தான் கரையாமல் இரும்பையே கரைய விடுகிறது. அந்த ஒரு துளையில் அரிப்பு முழு வேகத்தோடு ஆழமாக இறங்கும். கடற்காற்று வீசும் சென்னையிலும் தூத்துக்குடியிலும் பம்பர்களில் கடுகளவு சிவப்புப் புள்ளிகளைக் காண்கிறோம் அல்லவா? அவை அடியிலுள்ள புண்ணின் வாய்கள்.

இந்த வித்தியாசம் தெரிந்தால், எதை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதும் தெரிந்து விடும். துத்தநாகம் பூசிய போல்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், முலாம் கரைந்து கொண்டே இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். துடைத்து, சிறிது எண்ணெயோ மெழுகோ தடவினால் போதும். அந்த வெள்ளைக்கிடையே சிவப்பு எட்டிப் பார்த்தால் முலாம் தீர்ந்தது. அப்போதுதான் மறுபடி பூச வேண்டும். பம்பரிலோ முதல் சிவப்புப் புள்ளியிலேயே விழித்துக் கொள்ள வேண்டும்.

நிற்க. நமது தவறு இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நமது வண்டியைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். கதவுகளுக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதியில் துரு இருந்தது. அதைச் சுரண்டி எடுக்க நாட்கள் பிடிக்கும் என்றார்கள். மேலே கெட்டியாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து விட்டால் பத்து வருஷம் கவலையில்லை என்றும் சொன்னார்கள். நாமும் சிக்கனத்தை நினைத்துத் தலையாட்டினோம். வண்டி புதிது போல் திரும்பி வந்தது. இரண்டு மழைக்காலம் கழித்து ஒருநாள் சக்கரம் மாற்றுவதற்காக ஜாக்கியை வைத்து உயர்த்தினோம். வண்டி உயரவில்லை, ஜாக்கிதான் அப்பளத்தை நொறுக்குவது போல் பெட்டிக்குள் புகுந்தது. வண்டிக்கு அடியில் அந்தக் கணத்தில் யாருடைய கையும் இல்லாதது பகவான் கிருபை.

அம்பாஸடரில் சேஸிஸ் தனி, உடல் தனி என்று கிடையாது; தகடுகளை இணைத்து ஒரே கூடாகச் செய்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிப் பகுதி வெறும் அலங்காரமன்று, வண்டியின் முதுகெலும்பில் ஒரு பங்கு. துருவின் மேல் அடித்த தார், உள்ளே இருந்த ஈரத்தை வெளியே போக விடாமல் மூடி வைத்தது. வெளியே கறுப்பாக மினுக்கியது. உள்ளே இரும்பு இற்றுப் போயிற்று. அடித்தவரை மட்டும் நொந்து பயனில்லை. மினுக்கலுக்கு மயங்கித் தலையாட்டிய நாமும் அந்தக் குற்றத்தில் பங்காளியே.

ஆகையால் முதல் விதி: பூச்சின் ஆயுள் பூசுவதற்கு முன் செய்யும் சுத்தத்தில் இருக்கிறது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயாலும், பிறகு சோப்பு கலந்த வெந்நீராலும் போக்க வேண்டும். அதற்குப் பிறகே துருவை எடுக்கும் வேலை. இதற்கு வீட்டிலேயே செய்யத் தக்க சாது வழிகள் இரண்டு உண்டு.

ஒன்று, சர்க்கரை ஆலைகளில் கழிவாக வரும் மொலாஸஸ் பாகு. ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, உறுப்பை அதில் ஒரு வாரம், இரண்டு வாரம் ஊற வைத்தால் துரு மெல்ல மெல்லக் கரைந்து, நல்ல இரும்பு நிற்கும். நாற்றம் சகிக்காது, பொறுமையும் வேண்டும். அலுமினியத்தையும் துத்தநாக வார்ப்புகளையும் மட்டும் இதில் இடலாகாது.

இரண்டாவது, மின்சார முறை. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, துருப்பிடித்த உறுப்பை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்க விட வேண்டும். சில மணி நேரத்தில் துரு தளர்ந்து விடும். இதில் ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால், திறந்த வெளியில், நெருப்பு அருகே இல்லாமல் செய்ய வேண்டும். கம்பியையோ உறுப்பையோ தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தி விட வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. அது கரையாமல் வெகுநாள் உழைக்கும் என்று சிலர் சொல்லக் கூடும். உண்மையில் அதிலுள்ள குரோமியம் கொடிய விஷ ரூபத்தில் கரைசலில் இறங்கும். அந்த விஷத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எளிதில் கழற்ற முடியாத இடங்களிலோ, தளர்ந்த துருவைக் கம்பி பிரஷினால் தேய்த்து விட்டு, எஞ்சிய மெல்லிய துருவை டானின் கலந்த திரவத்தால் கட்டலாம். துருவோடு டானின் சேர்ந்தால் கறுப்பான, கரையாத ஒரு படலம் உண்டாகிறது. கடுக்காய்ச் சாற்றையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே ரசாயனந்தான் இது. ஆனால் இது பிரைமருக்கு ஓர் அஸ்திவாரமே தவிர, தானே முழுக் காவலாகாது.

சுத்தம் செய்த இரும்பைக் காற்றில் விட்டு வைத்தால் சில மணி நேரத்திலேயே மறுபடியும் துரு படரும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். ஆகவே அன்றைக்கன்றே பிரைமர் அடிப்பதோ, எண்ணெய் தடவி மடித்து முலாம் பட்டறைக்கு அனுப்புவதோ அவசியம்.

இரண்டாவது விதி உயிர் சம்பந்தப்பட்டது. எல்லா உறுப்புக்கும் முலாம் ஏற்றலாகாது. அமிலத்தில் முக்கும்போதும் மின்சார முலாம் ஏற்றும்போதும் பிறக்கும் ஹைட்ரஜன், மிகக் கடினமான எஃகுக்குள் நுழைந்து கொள்கிறது. அப்படி நுழைந்த எஃகு பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் இருந்து, பாரம் ஏறிச் சில மணி நேரமோ சில நாளோ கழிந்தபின், வளையாமல் நெளியாமல் பட்டென்று முறியும். தலையில் 10.9, 12.9 என்று பொறித்த போல்டுகள், சுருள் வில்கள், அம்பாஸடரின் முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள், ஸ்டீயரிங் உறுப்புகள் ஆகியவற்றுக்கு இந்த ஆபத்து உண்டு. சோடா வாளியிலும் இவற்றை இறக்க வேண்டாம். கடினமான போல்டுக்கு முலாம் ஏற்றியே தீர வேண்டுமானால், ஏற்றிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் பல மணி நேரம் வாட்டி, நுழைந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பட்டறைக்காரரிடம் "வாட்டுவீர்களா?" என்று கேளுங்கள். அவர் விழித்தால், உறுப்பைத் திருப்பி வாங்கிக் கொண்டு வந்து விடுங்கள். வில்களுக்கும் தண்டுகளுக்கும் நல்ல பெயிண்டே போதும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஸ்டீயரிங்கைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமாகுமா?

மூன்றாவது விதியை நாம் மிகவும் வற்புறுத்த விரும்புகிறோம். அது நம் வண்டியைப் பற்றியதன்று. நம் வண்டிக்காக உழைக்கும் மனிதரைப் பற்றியது.

பழைய வண்டிகளின் துத்தநாகப் போல்டுகளில் வானவில் சாயையோடு ஒரு மஞ்சள் நிறம் இருக்கும். முலாமின் மேல் டைகுரோமேட் கரைசலால் ஏற்றும் மெல்லிய காப்புப் படலம் அது. பம்பருக்குக் குரோமியம் ஏற்றும் தொட்டியிலும் பெரும்பாலும் அதே இனம் இருக்கிறது. ரசாயன சாஸ்திரிகள் ஆறு இணைதிறன் குரோமியம் என்று சொல்லும் இந்தப் பொருள் புற்றுநோய் விளைவிப்பது என்பது ஐயமற நிரூபணமான விஷயம். தொட்டியிலிருந்து கிளம்பும் நுண்துளிகளை வருஷக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளின் மூக்கு நடுத்தண்டு ஓட்டையாகிப் போனதுண்டு. கையில் ஆறாத புண் விழுந்ததுண்டு. நுரையீரல் புற்று வந்ததுண்டு. கழிவுநீரோ நிலத்தில் இறங்கினால் எளிதில் மறைவதில்லை. நம் இராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச் சென்ற கழிவு, லட்சத்துக்கு மேற்பட்ட டன். ஆலை மூடிப் பல்லாண்டு கழிந்தும் அந்தக் குவியலிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கிக் கொண்டிருந்தது. பாலாற்றுப் பக்கத்து உழவர் எந்த பம்பரின் பளபளப்பில் முகம் பார்த்தார்?

காட்மியத்தின் கதையும் இத்தகையதே. பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளின் சில உறுப்புகளில் துத்தநாகத்துக்குப் பதிலாகக் காட்மிய முலாம் இருக்கும். ஜப்பானில் தொயாமா மாகாணத்து ஜின்ஸு நதியில் சுரங்கக் கழிவோடு கலந்த காட்மியம், வயல்வழியே சோற்றில் ஏறி, மக்களின் எலும்பை நொறுக்கிற்று. வேதனை தாங்காது அவர்கள் அலறிய "இத்தாய், இத்தாய்" என்ற சொல்லே அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968-ம் வருஷத்தில் ஜப்பானிய அரசாங்கம் அதன் காரணத்தை ஒப்புக் கொண்டது. ஆகவே பழைய உறுப்பில் எந்த முலாம் என்று தெரியாதபோது, அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும், நெருப்பில் காய்ச்சுவதும் கூடாது. பழைய பெயிண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அக்காலத்துச் செந்நிறப் பிரைமர்களில் காரீயம் உண்டு. நனைத்துத் தேய்த்து, கசடைத் துணியில் ஒற்றி எடுத்துத் தனியே சேர்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மாற்று வழி இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ம் வருஷத்தில் பிறப்பித்த உத்தரவு, சில விலக்குகள் நீங்கலாக, புது வண்டிகளில் ஆறு இணைதிறன் குரோமியத்தையும் காட்மியத்தையும் தடை செய்தது. அதன் பயனாக மூன்று இணைதிறன் குரோமியத்தால் காப்புப் படலம் ஏற்றும் முறை பரவிற்று. அதன் நிறம் வெள்ளையாகவோ இளநீலமாகவோ இருக்கும். பழைய வானவில் மஞ்சள் அப்படியே வராது. காட்சிச் சாலைப் பந்தயத்தில் அதற்கு ஒரு மதிப்பெண் குறையலாம். குறையட்டுமே! ஒரு தொழிலாளியின் நுரையீரலைக் காட்டிலும் அந்த மதிப்பெண் உயர்ந்ததன்று.

முலாம் பட்டறைக்குப் போகும் நேயர்கள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். தொட்டியின் மேல் ஆவியை இழுக்கும் குழாய் இருக்கிறதா? வேலை செய்பவர் கையில் உறை, கண்ணில் கண்ணாடி உண்டா? கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போகிறதா, தெருச் சாக்கடைக்குப் போகிறதா? இவ்வளவும் உள்ள பட்டறையில் கூலி கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் தொகைதான் நியாயமான விலை. குறைந்த கூலியில் மீதத்தைப் பிறர் உடம்பிலிருந்து எடுத்துக் கொள்கிறோம்.

இறுதியாக ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும் என்பதுமில்லை. துரு ஏறாத இடத்தில் மங்கிய முலாம் மங்கலாகவே இருக்கலாம். மெல்லிய சோப்பு நீரால் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, மெழுகு தடவினால் இன்னும் பல வருஷம் நிற்கும். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த கதவுப் பிடியில் முலாம் மறைந்து மஞ்சள் உலோகம் தெரிகிறதென்றால், அந்தத் தேய்வும் குடும்பச் சொத்துத்தான். அதை மறைத்து ஏற்றும் புது முலாம் எந்தக் காவலையும் கூட்டப் போவதில்லை.

காக்க வேண்டிய இடத்தில் துருவை முற்றும் களைந்து பூசுவோம். மூடி மறைக்க மாட்டோம். முறியக் கூடிய உறுப்பில் பளபளப்பைத் தேட மாட்டோம். பூசுகிறவருடைய உடம்பைக் கெடுத்துப் பூச மாட்டோம். இந்த மூன்றும் இருந்தால், பாட்டனார் வாங்கிய வண்டி பேரன் பேத்தியையும் சுமக்கும். அன்று துருத்தி ஊதிய அந்தத் தொழிலாளிக்கு நம் பாட்டிமார் கூலி கொடுத்ததோடு ஒரு செம்பு மோரும் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் காத்தது பாத்திரத்தை மட்டுமல்ல என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.